பொழுதறிந்து பாடும் பாட்டு

திருவிழாக் காலத்தில் எம்பெருமான் திருவீதிக்கு எழுந்தருளும்போது முன்னே திவ்வியப் பிரபந்த கோஷ்டியும் பின்னே வேத பாராயண கோஷ்டியும் செல்வதை அன்பர்கள் அனைவரும் சேவித்திருப்பீர்கள். இவ்விரண்டிற்கும் அப்பால், வீதியின் ஓரமாக, மூன்றாவது கோஷ்டி ஒன்றும் உண்டு. கோலாட்டக் கோல்களைத் தட்டிவரும் சிறுமியர், கைகொட்டிக் கும்மியடிக்கும் மகளிர், சேகண்டியும் சங்கும் முழக்கிக் கோவிந்த நாமம் பாடிவரும் தாசர்கள் ஆகியோர் அதில் அடங்குவர். முதல் இரண்டு கோஷ்டிகளுக்கும் ஆசாரியர்கள் வகுத்த ஓதும் முறை உண்டு. மூன்றாவதற்கோ, தாயிடம் மகளும் பாட்டனிடம் பேரனும் கேட்டறிந்ததே முறை. இம்மூன்றாம் கோஷ்டியாரின் பாட்டு எந்தெந்தப் பொழுதில் எழுவது, அதனை ஆழ்வார்கள் எவ்வாறு ஏற்றுப் போற்றினார்கள், இன்று அதன் நிலை யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது சிந்திப்போம்.

பொழுதே இலக்கணம்

நாட்டுப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை, ஏடு இல்லை, அரங்கேற்றமும் இல்லை. ஆயினும் பொழுது என்ற ஒன்று அதற்குத் தவறாமல் உண்டு. சங்கீதக் கச்சேரியில் பாடகர் தமக்கு விருப்பமான கீர்த்தனத்தை விரும்பிய இடத்தில் பாடலாம். நாட்டுப் பாடல் அவ்வாறு அமைவதன்று. நடவுப் பாட்டை அறுவடையில் பாடுவதில்லை. நலங்குப் பாட்டை மணமக்கள் இல்லாத கூடத்தில் பாடுவதில்லை. ஒப்பாரியை நல்ல நாளில் வாய்விட்டுச் சொல்லவும் கூசுவர். மங்கலமாக விளக்கெரியும் வீட்டில் அதன் ஓர் அடியேனும் ஒலிக்கலாகாது என்பது நம் மூதாட்டிமார் வகுத்த கட்டளை. செயலும் பொழுதும் சேர்ந்து அழைத்தாலன்றிப் பாட்டு எழாது.

இவ்வுண்மையை அடியேன் நூல்களால் அறிந்ததைவிட ஒரு மூதாட்டியால் அறிந்ததே மிகுதி. பல ஆண்டுகளுக்கு முன் தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில், எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவரிடம், நெல் குத்தும்போது பாடும் பாட்டைச் சொல்லுமாறு வேண்டினேன். அவர் திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் முயன்றார். இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. "சும்மா உக்காந்திருந்தா பாட்டு எப்படி வரும் ஐயா?" என்று கூறி எழுந்தார். மூலையில் சார்த்தியிருந்த உலக்கையை எடுத்து வந்து, நெல்லேதும் இடாத வெற்று உரலின்முன் நின்று, மெல்ல இருமுறை ஓங்கினார். மூன்றாம் முறை உலக்கை இறங்கியபோது பாட்டும் இறங்கியது. பிறகு நிறுத்துவார் இல்லை. அரைமணி நேரம் அடியேன் எழுதுகோலை மறந்து நின்றேன். அப்பாட்டு அவர் நினைவில் இருந்ததா, அவர் கைகளில் இருந்ததா என்பது இன்றும் அடியேனுக்கு வியப்பே.

தொட்டிலருகே

மனிதன் கேட்கும் முதற்பாட்டு தாலாட்டு. தால் என்பது நாக்கு. தாய் தன் நாவை ஆட்டி ஒலியெழுப்பிக் குழந்தையைத் துயிற்றுவதால் தாலாட்டு என்று பெயர்பெற்றது என்பர். உறங்க வைப்பதே அதன் பயன் எனினும், தாய் அதில் சொல்லும் செய்தி பல. அழும் குழந்தையை நோக்கி, உன்னை அடித்தவர் யார் என்று வினவி, அத்தை, மாமன், பாட்டி என உறவினர் ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி அழைப்பாள். குறிப்பாகத் தாய்மாமன் கொண்டுவரும் சீர்வரிசையை அடுக்கிச் சொல்வாள். இன்னமும் உறவு முறைகளை அறியாத சிசுவுக்கு அதன் குலமும் சுற்றமும் அறிமுகமாவது இப்பாட்டில்தான்.

இனி, பெரியாழ்வார் திருமொழியின் முதற்பத்தில் மூன்றாம் திருமொழியை நோக்குவோம். ஆழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துக் கண்ணனைத் தாலாட்டுகின்றார். பிரமன் பொற்றொட்டிலை அனுப்புகின்றான். இந்திரன் கிண்கிணி தருகின்றான். குபேரன் ஐம்படைத் தாலியும் ஆரமும் விடுக்கின்றான். வருணன் முத்தும் பவளமும் தருகின்றான். இவ்வரிசையைக் கேட்ட எந்தச் சிற்றூர்த் தாய்க்கும் இது புதிதாகத் தோன்றாது. அவள் பாட்டில் தாய்மாமன் சீர் கொண்டுவரும் இடத்தில் ஆழ்வார் தேவர்களை நிறுத்தியிருக்கின்றார், அவ்வளவே. பரத்துவம் பேசும் பெரும்பொருளை எளியதொரு தாலாட்டின் முறையிலேயே வைத்து அருளிச்செய்த திறம் எண்ணி எண்ணி மகிழத் தக்கது. குலசேகரப் பெருமாளும் தம் திருமொழியின் எட்டாம் பதிகத்தில், கோசலையின் நிலையில் நின்று, திருக்கண்ணபுரத்தெம்பெருமானை இராமபிரானாகக் கண்டு தாலாட்டுகின்றார்.

குழந்தை வளர வளரப் பாட்டும் வளர்கின்றது. நிலவைக் காட்டிச் சோறூட்டுவதற்கு ஒரு பாட்டு, கைகளைக் கொட்டிச் சப்பாணி ஆடுவதற்கு ஒரு பாட்டு, தளர்நடைக்கு ஒன்று, பின்னே வந்து முதுகைக் கட்டிக்கொள்ளும்போது ஒன்று, நீராட்டுவதற்கு ஒன்று, தலைவாருகையில் காக்கையை அழைப்பதற்கு ஒன்று. இவை அனைத்தையும் பெரியாழ்வார் ஒவ்வொரு திருமொழியாக்கினார். காதுகுத்தும் நாளில் குழந்தை அழுது ஓடுவதும், பழம் தருவேன் வா என்று தாய் ஆசைகாட்டுவதும் எல்லா இல்லங்களிலும் நிகழ்வன. ஆழ்வார் அந்நிகழ்ச்சியிலேயே கேசவன் முதலாகத் தாமோதரன் ஈறாகப் பன்னிரு திருநாமங்களையும் அமைத்துவிட்டார். பிற்காலப் புலவர்கள் பிள்ளைத்தமிழ் என்று தனிப்பிரபந்தம் வகுத்தமைக்கு இது வழிகாட்டி என்று அறிஞர் கூறுவர். ஆழ்வாருக்கு வழிகாட்டியவர்களோ, பெயர் தெரியாத நம் தாய்மார்கள்.

வயலிலும் உரலிலும்

வேலைப் பாட்டு களைப்பை மறக்கப் பாடுவது என்று பொதுவாகக் கூறுவர். அஃது உண்மையே; ஆயினும் முழுவுண்மை அன்று. ஏற்றப் பாட்டை எடுத்துக்கொள்வோம். கிணற்றின்மேல் நீண்ட துலாமரத்தின்மீது ஆட்கள் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் கழியைப் பிடித்துச் சாலை நீரில் அமிழ்த்தி மேலேற்றிக் கவிழ்ப்பார். மேலிருப்பவர் அடி பெயர்க்கும் கணமும் கீழிருப்பவர் கை வாங்கும் கணமும் ஒத்திருத்தல் வேண்டும். தப்பினால் மேலே நடப்பவர் உயிருக்கே கேடு. அவ்விருவரையும் ஒன்றாகப் பிணைப்பது பாட்டே. மேலும், எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கும் அப்பாட்டிலேயே எண்ணாகத் தொடுக்கப்பட்டு வரும். ஆகவே ஏற்றப் பாட்டு ஒரே சமயத்தில் தாளமும் காவலும் கணக்கேடும் ஆயிற்று.

கம்பநாட்டாழ்வாரைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதை ஒன்று உண்டு. அவர் வழிநடந்து செல்கையில், ஏற்றம் இறைப்பவன் ஒருவன் மூங்கிலிலையில் தங்கிய பனித்துளியைப் பற்றி ஓரடி பாடி, பொழுதாகிவிட்டபடியால் வேலையை நிறுத்திச் சென்றானாம். அடுத்த அடி யாதாக இருக்கும் என்று கவிச்சக்கரவர்த்தி இரவெல்லாம் எண்ணியும் அமையவில்லை. விடிந்ததும் மீண்டும் ஏற்றத்தடிக்கு வந்து, கதிரவன் அத்துளியைக் கொள்வதை அவன் பாடக் கேட்டு வியந்தாராம். கதையின் உண்மை எவ்வாறாயினும், அதன் கருத்து போற்றத் தக்கது. பெரும்புலவரும் அப்பாட்டின் மறுபாதிக்கு மறுநாள் வேலை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பொழுது வந்தாலன்றிப் பாட்டு வருவதில்லை.

உலக்கைப் பாட்டுக்குப் பழந்தமிழில் வள்ளைப் பாட்டு என்று பெயர். ஓருரலில் இருவர் மாறிமாறிக் குத்தும்போது உலக்கைகள் மோதாமல் காப்பது பாட்டின் தாளம். இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் அம்மானை, பந்து, ஊசல் ஆகியவற்றோடு வள்ளையையும் வைத்து, மூவேந்தரையும் மகளிர் பாடுவதாக அமைத்தார். மாணிக்கவாசகர் திருப்பொற்சுண்ணம் அருளியதும் இவ்வழக்கையொட்டியே.

இவ்வழக்கு தமிழகத்தோடு நிற்பதன்று. திருமலையில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் (1408–1503) தெலுங்கில் ஆயிரக்கணக்கான சங்கீர்த்தனங்களை இயற்றினார். அவற்றுள் உலக்கையிடிக்கும் மகளிரின் 'சுவ்வி'ப் பாட்டும், சங்கராந்திக் காலத்துக் 'கொப்பி'ப் பாட்டும், தாலாட்டும் உள்ளன. செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலில் காக்கப்பட்ட செல்வத்துள் உரற்களத்துப் பாட்டும் ஓரிடம் பெற்றது. மராட்டிய நாட்டிலோ, நாமதேவர் இல்லத்தில் பணிப்பெண்ணாக வாழ்ந்த ஜனாபாயி, திரிகை அரைக்கும்போது பண்டரிநாதனையே தன் துணையாக அழைத்துப் பாடினாள். விட்டலன் வந்து அவளோடு திரிகையைச் சுழற்றினான் என்று அந்நாட்டு மக்கள் இன்றும் நம்புகின்றனர். விடியற்காலையில் திரிகையின்முன் அமர்ந்த மராட்டியப் பெண்கள் 'ஓவி' என்னும் அப்பாட்டு வகையைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தனர். கையில் வேலை இருக்கும் பொழுதே கடவுளுக்கு உகந்த பொழுது என்பதை அவ்வெளிய பக்தை உலகுக்குக் காட்டினாள்.

மன்றிலும் முற்றத்திலும்

விளையாட்டுக்கும் பாட்டுண்டு. உந்தி பறத்தல் என்பது இளமகளிர் விளையாட்டு. பெரியாழ்வார் மூன்றாம் பத்தின் ஒன்பதாம் திருமொழியில், தோழியர் இருவரை எதிரெதிரே நிறுத்தி, ஒருத்தி கண்ணன் பெருமையையும் மற்றவள் இராமன் பெருமையையும் மாறிமாறிப் பாட வைத்தார். சாழல் என்பது வினாவும் விடையுமாக அமைவது. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் பதினோராம் பத்தில், ஒருத்தி எம்பெருமானின் எளிமையை எள்ளுவதுபோல் கூற, மற்றவள் அவ்வெளிமையிலேயே அவன் மேன்மையை எடுத்துக்காட்டுவதாகச் சாழலை அமைத்தார். சித்தாந்தத்தின் சிகரமான பரத்துவ சௌலப்பியங்கள், முற்றத்துச் சிறுமியரின் விளையாட்டுக்குள் வந்து அமர்ந்தன.

மகிழ்ச்சிப் பொழுதில் மட்டுமன்றி அச்சம் சூழ்ந்த பொழுதிலும் கூத்தும் பாட்டும் எழுந்தன. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை இதற்குச் சான்று. கோவலன் மதுரை நகருள் சென்றபின், ஆயர்பாடியில் குடத்துப் பால் உறையவில்லை. உறியிலிட்ட வெண்ணெய் உருகவில்லை. ஆனேறுகளின் கண்களில் நீர் வடிந்தது. பசுக்களின் கழுத்துமணிகள் அற்று வீழ்ந்தன. தீங்கு வரவிருப்பதை உணர்ந்த மாதரி அஞ்சி ஒடுங்கவில்லை. கண்ணன் தன் தமையனோடும் நப்பின்னையோடும் ஆடிய குரவையை நாமும் ஆடுவோம் என்று, எழுவரை நிறுத்தி ஏழிசையின் பெயரிட்டு ஆடச் செய்தாள். இடையர் சேரியின் அக்குரவையில் எழுந்த திருமால் துதி இன்றளவும் பாடப்படுகின்றது.

திருமணப் பொழுதில் இவ்விரண்டு மரபுகளும் கைகோத்து நிற்பதைக் காணலாம். வைணவ இல்லங்களில் மணமக்களை எதிரெதிரே அமர்த்தித் தேங்காய் உருட்டச் செய்து வாரணமாயிரம் சேவிப்பர். அது கோதை நாச்சியார் கண்ட கனவு. அதற்கு அயலிலேயே ஊஞ்சலும் லாலியும் நலங்கும் நிகழும். சம்பந்தியரைக் கேலிசெய்யும் பாட்டும் தடையின்றி எழும். பாசுரமும் பரிகாசமும் ஒரே பந்தலில் இடம்பெறுகின்றன. ஒன்று மற்றொன்றை விலக்குவதில்லை.

வழிநடையில்

யாத்திரை செய்யும் அன்பர்களுக்கு இப்பகுதி நெருக்கமானது. சித்திரைத் திங்களில் கள்ளழகர் திருமாலிருஞ்சோலையிலிருந்து புறப்பட்டு, வழியெங்கும் மண்டகப்படிகளில் தங்கி, மதுரைக்கு எழுந்தருளி வையையில் இறங்குகின்றார். மண்டூக முனிவருக்குச் சாபம் நீக்குவதற்காக அவர் வருகின்றார் என்பது தலபுராணம். தங்கை மீனாட்சியின் திருமணத்திற்குச் சீர்கொண்டு வந்தவர், திருமணம் முன்னரே முடிந்ததறிந்து ஊடி, வண்டியூர் சென்றார் என்பது மக்கள் வழக்கு. அழகர் வர்ணிப்பு என்னும் பாடல் வகை இவ்விழாவுக்கே உரியது. வர்ணிப்பாளர் கேட்போரைச் சுற்றி அமர்த்தி, அழகர் மலையிறங்குவது முதல் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் நேரில் காண்பதுபோல் பாடுவர். தோல்துருத்தியில் நீர் சுமந்து பீய்ச்சுவோரும், திரியேந்தி ஆடுவோரும் அதைக் கேட்டு மெய்ம்மறப்பர். தலபுராணம் அறியாத உழவரும் வர்ணிப்பு அறிவர். பேராசிரியர் தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' என்னும் ஆய்வு நூலில் (1989) இவ்விழாவுக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் உள்ள உறவை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நாமமிட்ட சொம்புடன் வீடுதோறும் எழும் கோவிந்த நாமமும், ஸ்ரீஜயந்தியில் உறியடியின்போது எழும் ஆரவாரப் பாட்டும் இவ்வகையினவே.

பொழுது மறைந்தால்

இப்போது சிந்திக்க வேண்டிய செய்திக்கு வருவோம். பொழுதே பாட்டுக்கு உயிர் எனின், பொழுது மறைந்தால் பாட்டின் கதி யாது? மின்விசைப் பம்பு வந்தது, ஏற்றம் சென்றது, உடன் ஏற்றப் பாட்டும் சென்றது. அரிசி ஆலை வந்தது. உரல் புறக்கடைக்குச் சென்றது. வள்ளைப் பாட்டு மூதாட்டியரின் கைகளில் மட்டும் எஞ்சியது. இவ்வசதிகளைக் குறைகூறுவது அடியேன் கருத்தன்று. விடியுமுன் எழுந்து நெல் குத்தித் தோள் நொந்த பெண்களின் துயரம் நீங்கியது நன்றே. ஆயினும் சுமையை இறக்கியபோது, சுமையோடு கட்டியிருந்த மலரும் வீழ்ந்ததை நாம் கவனிக்கவில்லை.

கவனித்தவர் சிலர் உண்டு. சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் 1871 ஆம் ஆண்டிலேயே தென்னிந்திய நாட்டுப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். மு. அருணாசலம் 1943 இல் 'காற்றிலே மிதந்த கவிதை'யை வெளியிட்டார். கி.வா. ஜகந்நாதன் 1958 இல் 'மலையருவி'யையும், நா. வானமாமலை 1964 இல் 'தமிழர் நாட்டுப் பாடல்க'ளையும் பதிப்பித்தனர். இவர்கள் செய்தது பெருந்தொண்டு. ஆனால் ஏடு சொல்லைக் காக்கும். பொழுதைக் காக்க இயலாது. உந்தி பறத்தலையே சான்றாகக் கொள்க. ஆழ்வார் பாசுரம் ஓரெழுத்தும் குறையாமல் நம்மிடம் உள்ளது. ஆட்டமோ வழக்கொழிந்தது; எவ்வாறு ஆடினர் என்று இன்று ஊகிக்கவே முடிகின்றது.

மற்றொரு சான்று இதற்கு நேர்மாறானது. மார்கழியில் கன்னியர் விடியலில் நீராடிப் பாவை நோன்பு நோற்ற வழக்கு ஊர்தோறும் இருந்த நிலை மாறிவிட்டது. ஆயினும் ஆண்டாள் அப்பொழுதைத் திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் அமைத்தாள். திருக்கோயில்களும் இல்லங்களும் நாளொன்றுக்கு ஒரு பாசுரமாக அதனைத் தம் பொழுதாக ஏற்றுக்கொண்டன. அதனால் அப்பாட்டு ஏட்டில் உறங்காமல் இன்றும் மார்கழி விடியலில் விழித்திருக்கின்றது. பழைய பொழுது மறைந்தாலும் புதிய பொழுது வாய்த்தால் பாட்டு பிழைக்கும் என்பது இதனால் பெறப்படுகின்றது. கோயில் விழா என்பது பாட்டுகளுக்கு நம் முன்னோர் அமைத்த மறையாத பொழுது.

நாம் செய்யத் தக்கன

விழாவுக்கு வந்துள்ள அன்பர்களிடம் அடியேன் மூன்று விண்ணப்பங்களைச் சமர்ப்பிக்கின்றேன்.

முதலாவது: உங்கள் இல்லத்து மூதாட்டியிடம் பாட்டைக் கேளுங்கள். கேட்கும்போது அவர் கையில் உலக்கையையோ, முறத்தையோ, தொட்டில் கயிற்றையோ கொடுங்கள். எந்தப் பொழுதில், எந்தச் செயலில், யார் யாருடன் பாடியது என்பதையும் எழுதி வையுங்கள். இன்று கைப்பேசியிலேயே குரலைப் பதியலாம். அதற்குப் பொருட்செலவும் இல்லை. ஒப்பாரியை மட்டும் வற்புறுத்திக் கேளாதீர்கள். அவர் மனம் நோகும்.

இரண்டாவது: குழந்தையைத் தொட்டிலில் இடும்போது கருவியைப் பாடவிட்டு அகன்றுவிடாதீர்கள். கருவிக்குக் குழந்தையின் மாமன் பெயர் தெரியாது. குரல் இனிமை இல்லையே என்று தயங்க வேண்டா. யசோதை சங்கீதம் பயின்றதாக எந்தப் புராணமும் கூறவில்லை.

மூன்றாவது: யாத்திரை வண்டியில் அமர்ந்ததும் ஒலிபெருக்கியைச் சற்று நிறுத்தி, உடன்வரும் முதியோரைப் பாடச் சொல்லுங்கள். பெருமாள் புறப்பாட்டில் சிறுமியர் கோலாட்டமும் கும்மியும் ஆட இடம் விடுங்கள். ஆடிவரும் அச்சிறுமியருள் எவளேனும் ஒருத்தி நாளை தன் மகளுக்கு அப்பாட்டைக் கற்பிப்பாள்.

அத்தாமிரபரணிக் கரை மூதாட்டியார் பாடி முடித்ததும் உலக்கையை மூலையில் சார்த்திவிட்டு, "கேக்கிறதுக்கு ஆள் வந்தா நாளைக்கும் பாடுவேன்" என்றார். மறுநாள் செல்ல வாய்க்கவில்லை. பின்னர் வாய்த்தபோது அவர் இல்லை. அடியேன் தவறவிட்ட பொழுதை அன்பர்கள் தவறவிடாதிருப்பீர்களாக. தாலாட்டைத் தன் பல்லாண்டாக ஏற்ற எம்பெருமான், நம் இல்லங்களில் எழும் எளிய பாட்டுகளையும் உகந்து ஏற்று, அவை என்றும் நின்று நிலவ அருள்புரிவானாக.